பதினோரு அடி

"புள்ள விசில் ஊதுச்சுங்க. நான்தான் கேக்கல."

ஆதிமூலம் படுத்தபடியே சொன்னார். நாக்கு வறண்டிருந்தது. சொல்லுக்குச் சொல் இடைவெளி விழுந்தது. ஆனால் தடுமாறவில்லை.

கட்டிலின் கால்மாட்டில் நின்று கவிநிலா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் கை அப்படியே நின்றது.

கேள்வி கேட்டவர் அரசாங்கத்துப் பாதுகாப்பு அதிகாரி. கட்டட வேலையில் ஆளுக்கு அடிபட்டால் விசாரித்து எழுதுவது அவர் பொறுப்பு. வேங்கிக்கால் அலுவலகத்திலிருந்து ஆட்டோவில் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. செருப்பை வார்டு வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"எத்தன தரம் ஊதுனாங்க?"

"ரெண்டு தரம்."

"உங்க காதுல விழுந்துதா?"

"நல்லா விழுந்துது. ஒரு நிமிஷ வேலதானன்னு உள்ள போயிட்டேன். என் தப்புதாங்க மேடம். வேற யாரு மேலயும் தப்பு கெடையாது."

அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதியதை வாசித்துக் காட்டினார். பாதுகாப்பு அலுவலர் இருமுறை விசில் ஊதி எச்சரித்தும், அதைப் பொருட்படுத்தாமல், என் சுய விருப்பத்தின் பேரில் தொங்கிய சுமையின் அடியில் சென்றேன். எழுத்தில் அது இன்னும் பெரிதாக இருந்தது.

"சரிதானுங்களா?"

"சரிதாங்க."

ஆதிமூலம் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் போடத் தெரிந்த எழுத்து அந்த ஒரு பேர்தான். கவிநிலா மூன்றாவது படித்தபோது ஒரு கோடை லீவில் சொல்லிக்கொடுத்தது.

அதிகாரி கவிநிலாவிடம் திரும்பினார். "சைட்டுல சேஃப்டி ஆபீசர் நீங்கதானே?"

"ஆமா மேடம்."

"இவரு உங்க அப்பாவா?"

"ஆமா மேடம்."

அதிகாரி பேனாவை மூடினார். "திங்கட்கிழம ஆபீசுக்கு வந்து உங்க வாக்குமூலம் குடுங்க. அவசரம் இல்ல. அப்பாவப் பாத்துக்கோங்க."

அவர் போன பிறகு கவிநிலா கட்டிலின் தலைமாட்டுக்கு வந்தாள்.

"ஏம்ப்பா அப்படிச் சொன்ன?"

"தண்ணி குடும்மா."

"நான் ஊதலியேப்பா."

அவர் குடித்தார். கடைவாயில் வழிந்ததை அவள் துடைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ ஊதுன. அவ்ளோதான். போய் உங்கம்மாவ சாப்புடச் சொல்லு."

போர்வை இடது பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது.

*

முப்பது வருஷமாக ஆதிமூலத்துக்கு இதுதான் தொழில். திருவண்ணாமலைக்குக் கனமாக எது வந்தாலும் லாரியிலிருந்து இறக்குவார். டிரான்ஸ்ஃபார்மர், பாய்லர், லாட்ஜுகளுக்கு லிஃப்ட் மோட்டார், ஆஸ்பத்திரிகளுக்கு ஸ்கேன் மெஷின். கிரேன் வாடகைக்கு வரும். சுமையைத் தூக்கும் பெல்ட் மாட்டுவது, கயிறு பிடிப்பது, கிரேன்காரனுக்குச் சைகை காட்டுவது, அங்குலம் பிசகாமல் உட்காரவைப்பது எல்லாம் அவரும் அவருடைய ஐந்து ஆட்களும். கையில் எப்போதும் ஒரு சவுக்குக் கழி இருக்கும். தொங்குகிற சுமையை அவர் கையால் தொட மாட்டார். கழியால்தான் தள்ளுவார்.

"தொங்கறதுக்கு அடியில உன் நெழலு கூடப் போவக் கூடாது" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார்.

இறக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு ஆளின் பேரையும் சொல்லிக் கேட்பார். கைய எடுத்துட்டியா? ஒவ்வொருவனும் எடுத்துட்டேன் என்று பதில் சொல்ல வேண்டும். ஐந்து பதிலும் வந்த பிறகுதான் அவருடைய கை கீழே இறங்கும். ஒருவன் தலையை மட்டும் ஆட்டினால் போதாது. வாயைத் திறந்து சொல்ல வேண்டும். முப்பது வருஷத்தில் அவர் ஆட்களில் ஒருவனுக்கும் ஒரு விரல் போனதில்லை. செங்கம் ரோட்டு டீக்கடையில் அவருக்குப் பேரே அதுதான். விரல் போவாத மேஸ்திரி.

கவிநிலா கல்லூரியில் படித்தது வேதியியல். பிறகு ஒரு வருஷம் தினமும் வேலூருக்கு பஸ்ஸில் போய்வந்து பாதுகாப்பு டிப்ளமா முடித்தாள். முதல் வேலையே வேங்கிக்காலில் கிடைத்தது. ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சு ஜாக்கெட், வெள்ளை ஹெல்மெட், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில். யாராவது ஹெல்மெட் இல்லாமல் வந்தால், சாரத்தில் கயிறு மாட்டாமல் ஏறினால், ஊத வேண்டும். ஊதினால் சைட்டே நிற்கும். அது கம்பெனி விதி. காரணம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், முதலில் நிற்க வேண்டும்.

அவள் சேர்ந்த மூன்றாம் மாதம், மண்டபத்துக்கு லிஃப்ட் இறக்க ஆதிமூலத்தின் ஆட்கள் வந்தார்கள். கேட்டிலேயே அவர் மகளிடம் சொல்லிவிட்டார்.

"இங்க நான் உனக்கு அப்பன் இல்ல. ஆளு. தப்பு பண்ணா ஊதிடு."

வீட்டில் அதைக் கேட்டு வள்ளி தோசைக் கரண்டியோடு திரும்பினாள். "நல்லா இருக்குதே கத. பெத்தவனப் பாத்து விசில் ஊதுவாளா? தெருப் பொறுக்கி மாதிரி?"

"ஊதட்டும்டி. அதுக்குத்தான சம்பளம் குடுக்கறான்."

"எவன் குடுத்தா என்னா? அப்பனப் பாத்து ஊதுனான்னு எவனாவது எங்காதுல சொன்னான், வாயில சூடு வெச்சிடுவேன். ஆமா."

சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். தோசை தீய்ந்தது. அதை அப்பாதான் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் ஆதிமூலம் ஹெல்மெட்டைக் கழற்றிக் கம்பிக் கட்டின்மேல் வைத்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றார். கவிநிலா விசிலை வாயில் வைத்தாள். அப்பாவின் வழுக்கையைப் பார்த்தாள். சுற்றிலும் நாற்பது பேர். விசிலை எடுத்துவிட்டு அவர் நின்ற இடத்துக்கு நடந்து போனாள்.

"அப்பா, ஹெல்மெட்."

"அட, ஆமா."

கிரேன் ஓட்டும் செழியன் மேலேயிருந்து பார்த்துவிட்டான். "ஏன் மேடம், எங்களுக்கெல்லாம் விசிலு. மேஸ்திரிக்கு மட்டும் காதுல ரகசியமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். கவிநிலாவும்தான்.

அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மற்றவர்களுக்கு விசில். அப்பாவிடம் நடந்து போய்ச் சொல்வது.

*

ஜெனரேட்டர் வந்த அன்று திங்கட்கிழமை. பௌர்ணமி. ஒன்பது மணிக்கு மேல் பெரிய வண்டிகளை ஊர்ப்பக்கம் விட மாட்டார்கள் என்று லாரி டிரைவர் ஏழு மணியிலிருந்தே குதித்தான். எட்டு நாற்பதுக்குத் தூக்கினார்கள். லாரி விலகிப் போனது. நாலு டன் ஜெனரேட்டர் சிமெண்ட் மேடைக்கு மேலே முழங்கால் உயரத்தில் நின்றது. இறக்க இரண்டு நிமிஷம் போதும்.

மேனேஜர் சுரேஷ்குமார் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "இறக்காதீங்க, இறக்காதீங்க. ஒம்பது வரைக்கும் ராகு காலம். ஓனரம்மா பூஜத் தட்டோட வந்துக்கினு இருக்காங்க."

"தொங்கவிடக் கூடாது சார்" என்றாள் கவிநிலா.

"தரையில படக் கூடாதும்மா. அவ்ளோதான். இருவது நிமிஷம்."

"அப்போ அடியில கட்டையாவது குடுத்து நிறுத்தலாம் சார்."

அதற்குள் ஓனரம்மா சந்திரகலா காரிலிருந்து இறங்கிவிட்டார். பட்டுப் புடவை, வெள்ளித் தட்டு. நல்ல மனுஷி. தீபாவளிக்கு வேலையாட்கள் அத்தனை பேருக்கும் தன் கையால் ஸ்வீட் பாக்கெட் கொடுத்தவர். கவிநிலா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"கட்ட மேல வெச்சா எறக்குன மாதிரிதானே கண்ணு ஆவும்? ஒம்பது அடிக்கட்டும்."

ஆதிமூலம் ஜெனரேட்டரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். பெல்ட்டைப் பார்த்தார். இரும்புச் சட்டத்தின் மூலையில் பெல்ட் அறுபடாமலிருக்கப் பழைய டயர் துண்டுகளைக் கொடுத்துக் கட்டுவது அவர் வழக்கம். அன்றும் கட்டியிருந்தார். மலைப்பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. சுமை கொஞ்சமாக ஆடியது, தூளியைப் போல.

எட்டு ஐம்பத்தைந்துக்குச் சுவரோரத்து மூலையிலிருந்து ஒரு டயர் துண்டு நழுவிக் கீழே விழுந்தது. மற்ற மூன்றும் இருந்தன. விழுந்ததைக் கவிநிலா பார்த்தாள்.

"சார், இறக்கிட்டு மறுபடி கட்டணும்."

"இன்னும் அஞ்சு நிமிஷம்மா." சுரேஷ்குமார் வாட்சைக் காட்டினார். "அஞ்சே அஞ்சு."

அவள் ஐந்து நிமிஷம் கொடுத்தாள். அதையும் பிற்பாடு எழுதினாள்.

ஒன்பது மணிக்குக் கற்பூரம் ஏற்றினார்கள். மேடைமேல் மஞ்சள் தெளித்தார்கள். பிறகு சந்திரகலா தட்டிலிருந்து நாலு எலுமிச்சம்பழங்களை எடுத்தார். நாலு மூலைக்கும் ஒவ்வொன்று. ஜெனரேட்டர் இறங்கும்போது அவை நசுங்க வேண்டும். புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் வைக்கிறோமே, அதுபோல.

கவிநிலா குறுக்கே போய் நின்றாள். "அம்மா, கீழ கை போவக் கூடாதும்மா. பக்கத்துல வெச்சிடுங்க."

"பக்கத்துல வெச்சா எப்படி கண்ணு நசுங்கும்?"

"ஏம்மா கவிநிலா" என்றார் சுரேஷ்குமார். குரல் உயர்ந்திருந்தது. "ஓனரம்மாவையே நிறுத்துவியா? ஒரு பழம் வெக்கறதுக்கு இவ்ளோ பஞ்சாயத்தா? யாரு இங்க உனக்குச் சம்பளம் குடுக்கறது?"

சைட்டே திரும்பிப் பார்த்தது. கவிநிலாவின் காது சூடாயிற்று. அவள் நகரவில்லை.

ஆதிமூலம் மகளின் முகத்தைப் பார்த்தார். கழியைச் சுவரில் சாத்தினார். கற்பூரம் எரிந்த இடம் என்று ஷூவைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்தார்.

"குடுங்கம்மா. நான் வெச்சிட்டு வந்துடறேன்."

அவள் தடுத்தது அந்த அம்மாளை. அப்பா போவார் என்று அவள் நினைக்கவில்லை. மூன்று பழங்களை அவர் வெளியில் நின்றபடியே கையை நீட்டி வைத்துவிட்டார். அதற்குள் அவள் மேடையைச் சுற்றிக் கட்டியிருந்த எச்சரிக்கை நாடாவுக்கு இந்தப் பக்கம் வந்திருந்தாள். ஆட்களை அதற்குப் பின்னால் நிறுத்துவது அவள் வேலை. நாலாவது பழம் சுவரோரத்து மூலைக்கு. அந்தப் பக்கம் ஆள் நுழைய இடம் கிடையாது. மேடையில் ஒரு காலை வைத்துக் குனிந்துதான் வைக்க வேண்டும். அவர் வைத்தார். பழம் உருண்டது.

விசில் அவள் வாயில் இருந்தது.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். விரலைக் காட்டினார். ஒரு நிமிஷம்.

கவிநிலா நடந்தாள். வேகமாகத்தான் நடந்தாள். நாடாவிலிருந்து மேடைக்குப் பதினோரு அடி. காதருகில் போய்ச் சொல்ல வேண்டும். அப்பா, வேணாம், வா. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

ஆறாவது அடியில் பெல்ட் அறுந்தது.

ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. பெல்ட்டின் சத்தமா, இரும்பு மேடையில் விழுந்த சத்தமா என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. செழியன் கிரேனிலிருந்து குதித்து ஓடிவந்தான். சந்திரகலா தட்டோடு உட்கார்ந்துவிட்டார். கைய எடுத்துட்டியா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்கிற ஆள் உள்ளே இருந்தார்.

ஆம்புலன்ஸில் ஏறிய பிறகுதான் விசில் இன்னும் பல்லிடுக்கில் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. பிளாஸ்டிக்கில் பல் பதிந்திருந்தது.

மாலையில் செழியன் ஆஸ்பத்திரிக்கு ஒரு மஞ்சள் பையோடு வந்தான். அதில் மேஸ்திரியின் ஷூ. இரண்டும் இருந்தன. ஒரு கீறலும் இல்லை.

*

சனிக்கிழமை சுரேஷ்குமார் வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள், ஒரு ஃபைல். வார்டுக்கு வெளியே வராந்தாவில் நின்று ஃபைலைத் திறந்தார்.

"கம்பெனி ரிப்போர்ட். படிச்சிட்டுக் கையெழுத்துப் போடும்மா."

படித்தாள். ஒரு பக்கம்தான். பெல்ட் அதில் இல்லை. டயர் துண்டு இல்லை. இருபது நிமிஷம் இல்லை. எலுமிச்சம்பழம் இல்லை. விசில் இருந்தது. இரண்டு முறை ஊதப்பட்டிருந்தது. ஊதியும் கேட்காத ஒரு மேஸ்திரி இருந்தார்.

"சார், நான் ஊதல. உங்களுக்கே தெரியும்."

அவர் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார். அவருக்கும் தூக்கமில்லை என்று கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. "அன்னைக்கி நான் கத்தியிருக்கக் கூடாதும்மா. அது என் மனசுல இருக்குது. ஆனா உங்கப்பாவே சொல்லிட்டாரு. நீ இல்லன்னு சொன்னா என்னா ஆவும்? உன் சர்ட்டிபிகேட் போவும். இருவத்தஞ்சு வயசுல. அவரு காலு திரும்பி வந்துடுமா?"

"வராது சார்."

"அவருக்குச் சேர வேண்டியத கம்பெனி பாத்துக்கும். அதுல ஒண்ணும் கம்மி பண்ண மாட்டாங்க. நான் பொறுப்பு."

"திங்கட்கிழம சொல்றேன் சார்."

அவர் ஃபைலை மூடினார். வார்டுக்குள் போகவில்லை. ஹார்லிக்ஸை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வள்ளி எல்லாவற்றையும் தூண் ஓரமாக நின்று கேட்டிருந்தாள். அருகில் வந்தாள். ஐந்து நாளாக ஒரே புடவை.

"போட்டுட வேண்டியதுதானடி."

கவிநிலா ஹார்லிக்ஸ் பாட்டிலை மறு கைக்கு மாற்றினாள்.

"உங்கப்பா ஆசப்பட்டுக் குடுக்கறாரு. வாங்கிக்கோயேன். நாளைக்கு உனக்கு ஒரு எடம் பாக்கணும். இந்த வேலயும் இல்லன்னா..." நிறுத்தினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நெஜமாவே ஊதலியா?"

"ஊதல."

"வாயில வெச்சிருந்தியாமே. செழியன் சொன்னான்."

"வெச்சிருந்தேன்."

"அப்பறம் ஏன்டி?"

கவிநிலா ஹார்லிக்ஸ் பாட்டிலின் லேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வள்ளியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. தோசைக் கரண்டி அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அவள் கை தானாக எழுந்து தன் வாயைப் பொத்திக்கொண்டது.

"நான் சொன்னேனே, அதனாலயா?"

"இல்லம்மா."

"விளையாட்டுக்குச் சொன்னேன்டி."

"தெரியும்மா. அதனால இல்ல. விசில் சிக்கிக்கிச்சு."

அந்த வாரம் முழுக்க அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான். வள்ளி அதை நம்பவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோஷ்டி ஆட்கள் ஐந்து பேரும் பார்க்க வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். யாருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆதிமூலம் அவர்களிடமும் அதையே சொன்னார். புள்ள ஊதுச்சு, நான்தான் கேக்கல. அவர்கள் அத்தனை பேரும் அன்று அங்கே இருந்தவர்கள். ஒருவன் கவிநிலாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க சொல்லுவீங்களே மேஸ்திரி" என்றான் வயதில் மூத்தவன். "நெழலு கூடப் போவக் கூடாதுன்னு."

"சொல்றது ஈஸிடா" என்றார் ஆதிமூலம். சிரிக்கப் பார்த்தார். "கேட்டுக்கோங்க. என்னமாதிரி இருக்காதீங்க."

அவர்கள் போன பிறகு நெடுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் சேர்த்த பேரை ஐந்து பேர் முன்னால் தன் வாயாலேயே அவிழ்த்துப் போட்டிருந்தார். கவிநிலா அவர் முகத்தில் வலியைத் தேடினாள். திருப்திதான் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

*

திங்கட்கிழமை காலை வேங்கிக்கால் அலுவலகத்தில் அவளுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள்.

எழுதிக் கொண்டுபோயிருந்தாள். மூன்று பக்கம். சுமை இருபது நிமிஷம் தொங்கியது. ஒரு மூலையில் டயர் துண்டு விழுந்தது. விழுந்ததை நான் பார்த்தேன். மேலும் ஐந்து நிமிஷம் அனுமதித்தேன். என் தந்தை சுமையின் அடியில் குனிந்தபோது விசில் என் வாயில் இருந்தது. நான் ஊதவில்லை.

அதிகாரி இரண்டு தரம் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதக் குடுத்தா உங்க மேல நடவடிக்க வரும். தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"உங்கப்பா பொய் சொன்னாருன்னு ஆவும்."

"ஆமா மேடம். ஆனா அவரு விசிலுக்குக் கட்டுப்படாத ஆளு இல்ல. ஊதியிருந்தா நின்னிருப்பாரு."

சொல்லி முடித்தபோதுதான் அதன் முழுக் கனமும் அவளுக்குத் தெரிந்தது. ஊதியிருந்தால் நின்றிருப்பார். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு ஒரு படிவத்தை எடுத்தார். "இதுல காரணம்னு ஒண்ணு இருக்கு. பயிற்சியின்மை, கருவிக் கோளாறு, கவனக்குறைவு, பிற. ஏன் ஊதல? எதப் போடறது?"

"நடந்து போனேன் மேடம்."

"ஏன் நடந்து?"

"எங்க அப்பாவாச்சே."

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை. அதிகாரி பேனாவை வைத்தார். மறுபடி எடுத்தார். பிற என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் படிவத்தைத் திருப்பினார்.

"நீங்களே எழுதிடுங்க."

நடந்து போனேன், என்று கவிநிலா எழுதினாள்.

அங்கிருந்து சைட்டுக்குப் போய் ஜாக்கெட்டையும் ஹெல்மெட்டையும் விசிலையும் ஸ்டோரில் ஒப்படைத்தாள். ஸ்டோர்காரர் விசிலைத் திருப்பிப் பார்த்தார். பல் தடத்தைத் தடவினார். ஒன்றும் கேட்காமல் டிராயரில் போட்டுக்கொண்டார். ஜெனரேட்டர் மேடைமேல் உட்கார்ந்திருந்தது. மேடையைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

*

பார்வை நேரம் நாலு மணிக்கு. வள்ளி மருந்து வாங்கப் போயிருந்தாள். ஆதிமூலம் விழித்திருந்தார். மகளின் கழுத்தைப் பார்த்தார். கயிறு இல்லை.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"என்னான்னு?"

"ஊதலன்னு."

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். வாசம் வந்தது.

"ஏம்மா?"

"நீ கேக்காத ஆளுன்னு எல்லாரும் சொல்லுவாங்கப்பா. டீக்கடையில உக்காந்துக்கினு சொல்லுவாங்க. மகளே ஊதியும் கேக்காம போனான்னு."

"சொல்லிட்டுப் போறான். இனிமே எவன் என்னக் கூப்புடப் போறான் லோடு எறக்க? எனக்கு எதுக்குப் பேரு?" மூச்சு வாங்கியது. "எங்கிட்ட வேற என்னா இருந்துது உனக்குக் குடுக்க? நெலமா, வீடா? இது ஒண்ணு இருந்துது. குடுத்தேன். அதையும் எடுத்துக்கினு போய் எவளோ ஒருத்தி மேஜ மேல போட்டுட்டு வந்துட்ட."

"அப்பா."

"வேணாம். பேசாத."

கால் போனபோது அவர் அழவில்லை. மயக்கம் தெளிந்து போர்வையைத் தூக்கிப் பார்த்தபோதும் அழவில்லை. இப்போது அழுதார். கையால் முகத்தை மறைக்கப் பார்த்தார். கையில் ஊசி இருந்தது, பாதிதான் எழுந்தது.

"என்ன அந்தப் பக்கம் திருப்பி உடு."

இடுப்பெலும்பில் விரிசல். தானாகத் திரும்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகளைப் பார்க்காமலிருப்பதற்கும் அவருக்கு மகள்தான் வேண்டியிருந்தது.

கவிநிலா அருகில் போனாள். நர்ஸ் காட்டிக்கொடுத்தபடி ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்தாள். அவர் கனமாக இருந்தார். ஒரு வாரத்தில் இவ்வளவு இளைத்தும் கனமாகவே இருந்தார். அவருக்கு வலித்தது. பல்லைக் கடித்தார். பிறகு முப்பது வருஷப் பழக்கத்தில் அவரே எண்ணினார்.

"ஒண்ணு. ரெண்டு. ம்."

அவள் திருப்பினாள். முகம் சுவர்ப்பக்கம் போயிற்று. முதுகு அவள் பக்கம் வந்தது. இடுப்புக்கு அடியில் அவள் கை இன்னும் இருந்தது. அவர் தன் பாரத்தை இறக்காமல் கட்டில் கம்பியைப் பிடித்துத் தாங்கிக்கொண்டிருந்தார். புஜம் நடுங்கியது.

"கைய எடுத்துட்டியா?" என்றார் சுவரிடம்.

அவள் மெதுவாக உருவிக்கொண்டாள்.

அவர் காத்திருந்தார். கம்பியை விடவில்லை. அவள் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

"எடுத்துட்டேம்ப்பா."

அதன் பிறகுதான் அவர் இறங்கினார்.